சேவலுக்குச் சந்தா

தேர்தல் வந்தால் எங்கள் பக்கத்துக்கு முதலில் வருவது சேவல்தான். வெலிமடைச் சந்தியில் கோவாவும் லீக்சும் ஏற்றிய லொறிகளுக்கு நடுவிலிருந்து ஒரு வேன் முக்கி முனகிக் கிளம்பும். கூரையில் இரண்டு ஒலிபெருக்கி. உருளைக்கிழங்குப் பாத்திகள் முடிந்து தேயிலை மலை தொடங்குகிற முடக்கில் வந்ததும், பதிவுசெய்து வைத்த கூவலை மலை அதிரப் போடுவார்கள். நேரம் மத்தியானம் இரண்டு மணி. நிறுவைக்குக் கொழுந்தோடு வரிசையில் நிற்கிற பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். விடியுமுன் எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடுகிறவர்களுக்கு மத்தியானச் சேவலைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான்: அகாலத்தில் கூவுவது வீட்டுக்கு ஆகாது, அறுத்துக் குழம்பு வைத்துவிட வேண்டும்.

இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் சின்னம் சேவல். ஆனால் பாராளுமன்றத் தேர்தல்களில் அது தன் காலில் நடந்து வந்தது குறைவு; மற்றக் கட்சிகளின் சின்னத்தில் தொற்றிக்கொண்டுதான் வந்தது. 2000இல் சந்திரிகாவின் நாற்காலியில் உட்கார்ந்து வந்தது. 2004இல் யானை மேல் ஏறி வந்தது. வாக்கு எண்ணிச் சில மாதம் போவதற்குள் யானையிலிருந்து குதித்து எதிர்ப்பக்கத்து முற்றத்தில் தானியம் பொறுக்கியது. 2010இல் வெற்றிலை. 2020இல் மொட்டு. 2024இல் திரும்பவும் யானை. பறக்கத் தெரியாத ஒரு பறவை இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்ததை விலங்கியல்காரர்கள் யாராவது ஆராயலாம்.

ஆப்பிரிக்காவிலும் சேவல்களுக்குப் பஞ்சமில்லை. கானாவில் நிக்ருமா 1949இல் தொடங்கிய கட்சிக்குச் சிவப்புச் சேவல். அங்கோலாவில் சவிம்பியின் யூனிட்டாவுக்குக் கறுப்புச் சேவல். கென்யாவில் 1960இல் பிறந்து, 1963இல் வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவைத்த கானு கட்சிக்கும் சேவல்தான். அடிமைப்பட்ட சனம் விடியலைக் கேட்கும், விடியல் என்றால் சேவல் ஞாபகம் வரும், அதில் குற்றமில்லை. தான் கூவுவதால்தான் விடிகிறது என்று சேவல் நம்பத் தொடங்குகிற இடத்தில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. கென்யாச் சேவலை நான் கவனித்து வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே கெரிச்சோ மலையில் நட்டிருப்பதும் தேயிலை. நட்டவர்களிலும் பழக்கமான பெயர்கள்: புரூக் பொண்ட், ஃபின்லே. துரைமார் ஒரே ஆட்கள், செடி ஒரே செடி, சேவலும் ஒரே சேவல் என்றால் கதை மட்டும் எப்படி வேறாகும்?

எங்கள் சேவல் பிறந்த கதை இது. 1939இல், அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை ஊருக்கு அனுப்பிவிடத் தீர்மானித்தார்கள் கொழும்பிலிருந்த அமைச்சர்கள். ஜூலை மாதம் நேரு வந்தார். தங்களுக்குள் முட்டிக்கொண்டிருந்த இந்தியச் சங்கங்களை ஒரு மேசையில் உட்காரவைத்தார். ஜூலை 25ஆம் திகதி, பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆன இலங்கை இந்தியன் காங்கிரஸ் உண்டானது. முதல் தலைவர் லட்சுமணன் செட்டியார்; இணைச் செயலாளர்கள் அஸீசும் தேசாயும். வணிகர்கள், வக்கீல்கள், வசதியான கங்காணிமார் வீட்டுப் பிள்ளைகள் என்று மேசை நிறைந்தது. கொழுந்து பறிக்கிறவர்களின் பேரால் போட்ட மேசையில் கொழுந்து பறிக்கிற கை ஒன்றுகூட இல்லை. அடுத்த வருஷம்தான் தொழிற்சங்கம் தொடங்கினார்கள். அதாவது, கட்சிக்கு ஆள் வேண்டும் என்ற யோசனை கட்சி பிறந்த பிறகுதான் வந்தது.

அதற்குள் மலை தன்பாட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. நடேசய்யர் 1931இலேயே அட்டனில் சங்கம் வைத்துத் துரைமாரின் தூக்கத்தைக் கெடுத்திருந்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டத்துக்குக் கூட்டம் பாட்டுக் கட்டிப் பாடினார். 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தான். அங்கே கேட்ட கூலி உயர்வு நாளுக்கு 16 சதம். பதினாறு சதத்துக்கு ஒரு தோட்டா. கணக்குப் பார்த்தால் தோட்டாவின் விலை கூட இருந்திருக்கும். வெள்ளைக்காரன் கணக்குப் பார்க்காமல் செலவழித்தது எங்கள் மேல் மட்டும்தான்.

அதே வருஷம் மே மாதம் எங்கள் ஊவாவில் நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. பதுளைப் பக்கம் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். துரை அந்தச் சபையைக் கேட்டுத்தான் காரியம் பார்க்க வேண்டிய நிலை வந்தது. அடக்க வந்த பொலிசின் துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். தடையுத்தரவை மீறிப் பதுளையில் கூட்டம் போட்டு சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா பேசினார். பிறகு பொலிஸ் வெறியாட்டம்; அதோடு பெருவெள்ளம் வந்து ஊவாவை வெளியுலகத்திலிருந்து துண்டித்தது. வானமும் துரைமார் சங்கத்தில் அங்கத்துவம் எடுத்திருந்தது போலிருக்கிறது. இந்தச் சண்டை சமசமாஜிகளின் சண்டை. ஜூனில் அவர்களின் தலைவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள், 1942இல் கட்சியையே தடைசெய்தார்கள். மைதானம் காலியானது. காலியான மைதானத்துக்குள் கதர்ச்சட்டை போட்டு, மாலையோடு நுழைந்தது காங்கிரஸ். துப்பாக்கியைப் பிடுங்கிய பெயரில்லாத மனிதர்கள் சந்தா கட்டுகிற அங்கத்தவர்களாக மாறிய வரலாறு அங்கே தொடங்குகிறது.

ஊவாவுக்குக் கிளர்ச்சி புதிதல்ல. வெலிமடையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் கெப்பெட்டிபொல என்று ஊருக்கே பெயர் இருக்கிறது. 1818 கிளர்ச்சிக்காக வெள்ளைக்காரனால் தலை வெட்டப்பட்ட திசாவையின் பெயர். அந்தக் கிளர்ச்சியை அடக்கி, கிராமத்தை எரித்து, பிறகு 1840இல் சட்டம் போட்டு ஆளில்லாத மண் என்று எழுதிக்கொண்ட நிலத்தில்தான் முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் முளைத்தன. நிலத்தைப் பறிகொடுத்தவன் கீழே கிராமத்தில். அந்த நிலத்தில் முதுகு ஒடிந்தவன் மேலே லயத்தில். இருவரும் ஒருவரையொருவர் எதிரியென்று நினைத்துக்கொள்ள, பறித்தவன் லண்டனில் தேத்தண்ணி குடித்தான். எங்கள் தலைவர்கள் ஒருவராவது கீழே இறங்கிப் போய்க் கிராமத்தானிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சிங்களத் தலைவர்கள் மேலே ஏறி வந்திருக்கலாம். ஏறி வந்தவர்கள் சமசமாஜிகள் மட்டும்தான். அவர்களும் 1964இல் ஸ்ரீமாவோ அம்மையாரின் அமைச்சரவைப் படியில் ஏறிய பிறகு மலை ஏறுவதை விட்டுவிட்டார்கள்.

1947 தேர்தல். இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஏழு ஆசனம். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, எங்கள் பதுளையில் எஸ்.எம். சுப்பையா. தோட்டத்துச் சனம் தங்கள் ஆட்களைத் தெரிந்ததோடு நிற்காமல், மற்றத் தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் வாக்களித்தது. அதுதான் மன்னிக்க முடியாத குற்றமாகப் போனது. டி.எஸ். சேனநாயக்க சுதந்திரம் வாங்கி வருஷம் முடியுமுன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தகப்பன் இங்கே பிறந்தானா? அல்லது தகப்பனுக்குத் தகப்பனும் அவனுக்குத் தகப்பனும் பிறந்தார்களா? பத்திரம் எங்கே? தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பத்திரம் எடுத்துவைக்கத் துரை என்ன பைத்தியமா? கைக்கு வேலை கொடுத்தான், அதுவே பெரிது. 1949இல் இன்னும் இரண்டு சட்டம். வாக்காளர் பட்டியல் துப்புரவாக வழித்தெடுக்கப்பட்டது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்று சொல்வோம். செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மழை பெய்தால் பேரில்லை. 1949க்குப் பிறகு எங்கள் சனத்துக்குச் செக்ரோலில் பேர் இருந்தது, அரிசிக் கூப்பனில் பேர் இருந்தது, சந்தாப் புத்தகத்தில் பேர் தடிப்பாக இருந்தது. நாட்டில் மட்டும் பேர் இல்லை. இதைவிட நேர்த்தியான கொத்தடிமைச் சட்டத்தைக் கென்யா வெள்ளைக்காரன்கூட யோசித்திருக்கமாட்டான். அவன் கறுப்பனை 'நீ குடிமகன், ஆனால் கீழ்க்குடிமகன்' என்றான். எங்கள் சொந்த நாட்டு அரசாங்கம் 'நீ யார்?' என்று கேட்டது. கள்ளத்தோணி என்று ஒரு பேர் வைத்து, அதைச் சிரித்துக்கொண்டே கூப்பிட்டது.

தமிழரின் தலைவராக வலம்வந்த ஜீ.ஜீ. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்தார், பிறகு அமைச்சரானார், 1949 இந்திய பாக்கிஸ்தானியர் சட்டத்துக்குக் கையைத் தூக்கினார். கொள்கைக்கும் கதிரைக்கும் இடையில் எத்தனை மாதத் தூரம் என்று அளந்து காட்டிய பெருமை அவருக்கு. செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து தமிழரசுக் கட்சி தொடங்கினார், அதை மறக்கமாட்டோம். ஆனால் யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் எங்களை 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிட்ட வாய்கள் பிரிந்த கட்சியிலும் இருந்தன, பிரியாத கட்சியிலும் இருந்தன.

இன்னொரு கொடுமை கேளுங்கள். 1946இல் தொகுதிகளைப் பிரித்தபோது தோட்டத்துத் தலைகளையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். அந்தத் தலைகளால்தான் மலையில் தொகுதிகள் கூடின. பிறகு தலைகளின் வாக்கைப் பறித்தார்கள், தொகுதிகளைக் குறைக்கவில்லை. ஆக 1952இலும் 1956இலும் எங்கள் தலைகளை அடுக்கிய மேடையில் ஏறி நின்று, எங்களை நாடுகடத்த வேண்டும் என்கிறவர்கள் பாராளுமன்றம் போனார்கள். வெலிமடைத் தொகுதி 1956இல் அனுப்பிவைத்தது கே.எம்.பி. ராஜரத்னவை. பண்டாரநாயக்கவின் 'சிங்களம் மட்டும்' சட்டமே அவருக்குப் போதவில்லை. அவர் பதவி பறிபோனதும் அடுத்து அவர் மனைவி குசுமா அதே தொகுதியிலிருந்து போனார். எங்கள் தாத்தாக்கள் அந்த இரண்டு பேருக்கும் ஏணிப்படி. படிக்கு வாக்கில்லை, பாரம் மட்டும் உண்டு.

காங்கிரஸ் சும்மா இருக்கவில்லை; அதையும் சொல்கிறேன். 1952 ஏப்ரல் கடைசியில் பிரதமர் அலுவலகத்து முன்னால் சத்தியாக்கிரகம் உட்கார்ந்தார்கள். 140 நாள். அந்த வருஷம் ஒக்டோபரில்தான் கென்யாவில் விடுதலைத் தலைவர் கென்யாட்டாவைக் கைதுசெய்தார்கள். அங்கே காட்டுக்குள் மாவ் மாவ் போராளிகள், இங்கே பிரதமர் அலுவலகத்து வாசலில் ராம்துன் பஜனை. அங்கே ஆயிரக்கணக்கில் செத்தார்கள், பதினொரு வருஷத்தில் கொடி ஏறியது. இங்கே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தார்கள். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் எட்டு லட்சத்துக்கு மேல். கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மற்றவர்களின் விண்ணப்பத்தில் புள்ளி பிசகு, கமா பிசகு, பாட்டன் பிசகு.

காங்கிரசின் தலைவர்களான அஸீசும் தொண்டமானும் 1950களின் நடுவில் பிரிந்தார்கள். நாடில்லாத சனத்துக்கு இரண்டு சங்கம் கிடைத்தது. வாக்கில்லாத கட்சிக்கு நியமன உறுப்பினர் பதவி என்ற அட்சய பாத்திரமும் கிடைத்தது. 1960இல் ஸ்ரீமாவோ தொண்டமானை நியமித்தார்; 1965இல் டட்லி நியமித்தார்; 1970இல் ஸ்ரீமாவோ திரும்பி வந்து அஸீசை நியமித்தார். சனம் தெரிவுசெய்யாத தலைவருக்குச் சனத்திடம் பதில் சொல்லும் தொல்லை கிடையாது. நியமித்தவருக்குப் பதில் சொன்னால் போதும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வாக்கு திரும்பி வந்த பிறகும் விட்டுப்போகவில்லை.

1964 ஒக்டோபர் 30. டில்லியில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் உட்கார்ந்து பேரம் பேசினார்கள். மொத்தச் சரக்கு 9 லட்சத்து 75 ஆயிரம். உனக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், எனக்கு 3 லட்சம், மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்ப்போம். பத்து வருஷம் கழித்து அந்த ஒன்றரை லட்சத்தையும் சரிபாதியாய் வெட்டினார்கள். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். இங்கே எந்த மாட்டையும் யாரும் பார்க்கவில்லை. 1939இல் 'எங்கள் பிள்ளைகள்' என்பதுபோல் தேடி வந்த நேருவின் இந்தியா, கால் நூற்றாண்டில் பிள்ளைகளை விகிதாசாரத்தில் எடுத்துக்கொண்டது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரித் தேயிலைக்குள் திரும்பவும் கூடையைத் தூக்கினார்கள். அங்கே அவர்களுக்குச் 'சிலோன்காரன்' என்று பேர். இங்கே கள்ளத்தோணி, அங்கே சிலோன்காரன்; கடல் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

1946 கணக்கெடுப்பில் நாங்கள் ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம், நாட்டுச் சனத்தொகையில் 12 சதவீதத்தை ஒட்டி. 2012இல் சுமார் 8 லட்சத்து 40 ஆயிரம், 4 சதவீதத்துக்குச் சற்றுக் கூட. அறுபத்தாறு வருஷத்தில் நாடு மூன்று மடங்கானது, நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். உலகத்தில் தலைவர்கள் வளர்ந்து சனம் வளராத அபூர்வ சமூகம் எங்களுடையது.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் மூன்றாமவராக வென்றார் தொண்டமான். 1978இல் ஜே.ஆரின் அமைச்சர். அதே வருஷம் கென்யாவில் கென்யாட்டா செத்து மோய் ஜனாதிபதியானார். இரண்டு சேவலும் ஒரே வருஷத்தில் கொழுக்க ஆரம்பித்தன. மோய் 1982இல் ஒரே கட்சி என்று சட்டமே போட்டார். 1988இல் வாக்குச் சீட்டும் வேண்டாம் என்று, வேட்பாளரின் படத்துக்குப் பின்னால் சனத்தை வரிசையில் நிற்கவைத்து எண்ணினார்கள். குட்டை வரிசைக்காரன் ஜெயித்தான் என்று அறிவித்த இடங்களும் உண்டு. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பிரட்டுக்களம் ஞாபகம் வந்தது. எங்கள் சனத்துக்கு வரிசை புதிதா? காலையில் கங்காணிக்குப் பின்னால், சாயங்காலம் நிறுவைத் தராசுக்குப் பின்னால், மாதக் கடைசியில் சம்பள மேசைக்குப் பின்னால், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தலைவருக்குப் பின்னால். எண்ணிக்கையை யார் அறிவிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

1983 ஜூலையில் நாடு எரிந்தது. லயங்களும் எரிந்தன. எரித்தவர்களின் அரசாங்கத்தில் எங்கள் அமைச்சர் இருந்தார். எரிந்த பிறகும் இருந்தார். உள்ளே இருந்தால்தான் வாங்க முடியும் என்று விளக்கம் சொன்னார்கள். சரி, வாங்கினார்களா? வாங்கினார்கள். 1984 வேலைநிறுத்தம், 1986 பிரார்த்தனைப் போராட்டம், அதன் பிறகு வந்த சட்டங்கள். 1988க்குள் நாடற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிரஜாவுரிமை வந்தது, மிச்சம் 2003 சட்டத்தில் முடிந்தது. பறிபோன வாக்கை மீட்டதில் காங்கிரசுக்கும் பெரியவர் தொண்டமானுக்கும் உள்ள பங்கை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். நான் அந்த நன்றியை எங்கள் அம்மாயியிடம் கற்றவன். ஆனால் மீட்டுக் கொடுத்த நகையை மீட்டவரே கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தால், அதற்கும் நன்றி சொல்ல வேண்டுமா?

ஜே.ஆர்., பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா. நான்கு ஜனாதிபதி, ஒரே அமைச்சர். 1999இல் அவர் கண்மூடினார். திகதி ஒக்டோபர் 30, சாஸ்திரி ஒப்பந்தத்தின் முப்பத்தைந்தாவது ஆண்டு நாள். பேரன் ஆறுமுகன் வந்தார், அமைச்சரானார். 2020 மே மாதம் அவரும் போனார். அவர் மகன் ஜீவன் இருபத்தைந்து வயதில் பாராளுமன்றம் போய், இராஜாங்க அமைச்சராகி, 2023இல் முழு அமைச்சரானார். உறவினர் செந்தில், எங்கள் ஊவாவில் மாகாண அமைச்சராக இருந்தவர், கிழக்கு மாகாண ஆளுநரானார். மைதானத்துக்குப் பெயர், பயிற்சி நிலையத்துக்குப் பெயர். செக்ரோலில் அரைப்பேருக்கு வழியில்லாத சனத்தின் தலைவர்களுக்கு எத்தனை முழுப்பேர்! கென்யாவில் 2002இல் கானு நிறுத்தியது கென்யாட்டாவின் மகன் உகுருவை. உகுரு என்றால் சுவாகிலி மொழியில் விடுதலை. நாற்பது வருஷ ஆட்சி அலுத்துப்போன சனம் விடுதலையைத் தோற்கடித்தது. (அவர் சின்னத்தை மாற்றிக்கொண்டு 2013இல் ஜனாதிபதியானார். சேவலுக்குத்தான் தோல்வி, பண்ணைக்கில்லை.) கென்யாட்டா குடும்பம் அந்த நாட்டின் பெரிய நிலச்சுவான்தார் குடும்பங்களில் ஒன்று. தொண்டமான் குடும்பத்துக்கும் றம்பொடையில் வேவண்டன் தோட்டம் உண்டு. தொழிலாளர் தலைவரே தோட்டத்து முதலாளி. கூலிப் பேச்சுவார்த்தையில் மேசைக்கு இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று தடுமாறியிருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கென்யாவில் மக்கான் சிங் என்று ஒரு பஞ்சாபித் தொழிற்சங்கக்காரர் இருந்தார். கறுப்பரையும் இந்தியரையும் ஒரே சங்கத்தில் சேர்த்தவர். 1950இல் பகிரங்க மேடையில் உடனே சுதந்திரம் வேண்டும் என்று சொல்லி, பதினொரு வருஷம் அடைபட்டுக் கிடந்தார். வெளியே வந்தபோது சேவல் சிம்மாசனத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது; அவருக்கு ஒரு முக்காலிகூட மிச்சமில்லை. கோவிந்தனுக்கும் வெவெஸ்ஸக்காரர்களுக்கும் அவரைத் தெரியாது. மேலே எங்காவது சந்தித்திருந்தால் பேச நிறைய இருக்கும்.

இனிக் கூலி. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, வயதால் அல்ல. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்த பிறகு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் என்று ஒரு திருவிழா நடந்தது. ஒரு பக்கம் முதலாளிமார் சம்மேளனம், மறுபக்கம் காங்கிரசும் இன்னும் சில சங்கங்களும். கொழும்பில் கையெழுத்து, மலையில் பட்டாசு. 2015இல் 1,000 ரூபாய் வாங்கித்தருவதாகச் சொன்னார்கள். 2016இல் வந்தது எல்லாப் படியும் சேர்த்து 730. அடிப்படைச் சம்பளம் 500. 2019இல் அடிப்படை 700. 1,000 ரூபாய் வந்தது 2021 மார்ச்சில், அதுவும் சம்பளச் சபை வர்த்தமானியில். கம்பனிகள் ஒப்பந்தத்தை உதறின, கிலோக் கணக்கை ஏற்றின; நிறையாவிட்டால் அரைப்பேர். அடுத்த வருஷம் நாடே வங்குரோத்து. 200 ரூபாயில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. ஆறு வருஷம் கூவிக் கூப்பிட்ட ஆயிரம் ரூபாய் வந்து சேர்ந்த மறுவருஷமே அதன் வயிற்றில் பாதி இல்லை. 2024 மே தினத்துக்கு 1,700 என்று வர்த்தமானி. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் 1,350 என்று முடிந்தது. இதற்கிடையில் வெலிமடை மரக்கறித் தோட்டங்களுக்குப் போனால், உருளைக்கிழங்கு கிண்டுவதற்குக் கிராமத்து முதலாளி அதைவிடக் கூடத் தருகிறான், மத்தியானம் சோறும் தருகிறான். அவனுடன் எந்தத் தலைவரும் ஒப்பந்தம் செய்யவில்லை, அதனால்தானோ என்னவோ.

இந்த வரலாறு முழுக்கப் பிசகாமல் நடந்த காரியம் ஒன்று உண்டு: சந்தா. மழை பெய்தாலும் நின்றாலும், பேர் விழுந்தாலும் விழாவிட்டாலும், சம்பளத் துண்டில் சங்கத்துக்கு ஒரு வரி. பிடித்துக் கொடுப்பது தோட்ட ஆபீஸ். துரையே வசூலித்துத் துரையின் எதிரிக்குக் கொடுக்கிற சண்டை இது. கட்டுகிறவர்களில் பெரும்பங்கு கொழுந்து பறிக்கிற பெண்கள். தோட்டத் தலைவர் ஆண், மாவட்டத் தலைவர் ஆண், பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் ஆண். பெண்களுக்கு மாதர் சங்கம் உண்டு; தலைவர் வரும்போது ஆரத்தித் தட்டு யார் பிடிப்பது என்று அதில் ஜனநாயக முறையில் தீர்மானிப்பார்கள். மலையகத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போக 2024 ஆனது. பதுளையிலிருந்து போன அம்பிகா சாமுவேல் சேவலில் போகவில்லை, தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டியில் போனார். அதே திசைகாட்டியில் கிட்ணன் செல்வராஜும் போனார். நல்லது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 ரூபாய் என்றார்கள். அதில் 200 ரூபாயை அரசாங்கமே கொடுக்குமாம், ஒழுங்காக வேலைக்கு வந்தால். கம்பனி கொடுக்க வேண்டியதைத் திறைசேரி கொடுக்கிற புரட்சி. திசைகாட்டி திசையைத்தான் காட்டும், நடக்க வேண்டியது நாங்கள்தான் என்று யாராவது தத்துவம் சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன்: இருநூறு வருஷமாக நடந்துகொண்டுதான் இருக்கிறோம்.

கூலிக்கு அடுத்தது மண். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை யாருக்குப் போனது? லயத்துச் சுவருக்கா? வீட்டுக்கு நிலமில்லாதவன் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே போவான்? 1939இலிருந்து கட்சி இருந்தது, 1978இலிருந்து அமைச்சு இருந்தது, எழுபத்தைந்து வருஷத்தில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் மண்ணுக்கு உறுதி எழுதி வாங்க முடியவில்லை. ஆனால் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லில் எங்கள் மலை செல்வம் மிக்கது. பளிங்குப் பலகை, பொன் எழுத்து, திரைச்சீலை. மண் சரிகிறபோது முதலில் புதைவதும் வெளியே கடைசியில் வருவதும் அந்தப் பலகைதான். 2025 நவம்பரில் டிட்வா புயல் பதுளையைப் பிய்த்துப் போட்டபோதும் லயத்துச் சனம் பள்ளிக்கூட வாங்கில் படுத்துக்கொண்டு அதே ஏழு பேர்ச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒருமுறை சங்கத்துப் பெரிய மனிதர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். எல்லாச் சங்கத்துக்கும் வயிறு ஒன்றுதான். முதல்நாள் இரவு தோட்டத் தலைவர் எங்கள் காம்பராவுக்கு வந்து வாசலில் குந்தினார்.

"பாட்டி, நாளைக்கு ஐயா வாறாரு. நாட்டுக்கோழிதான் சாப்பிடுவாராம். ஒங்க சேவலக் குடுங்க."

"சந்தா புடிக்கிறீங்கல்ல தலைவரே, அதுல வாங்கக் கூடாதா?"

"அது மேலிடத்துக் காசு பாட்டி. இதச் சங்கக் கணக்குல எழுதிக்கிறேன்."

எழுதினாரோ என்னவோ. அம்மாயி கூடையைத் தூக்கிச் சேவலைப் பிடித்துக் கொடுத்தாள். லயத்தில் இருந்தது அது ஒன்றுதான். பெரிய மனிதர் மறுநாள் நாலு மணிக்கு வந்தார். ஜீப்பிலிருந்து இறங்காமலே மாலை வாங்கினார். பத்து நிமிஷம் பேசினார், உரிமை என்ற சொல் நாலைந்து தரம் வந்தது. ஆபீஸ் வீட்டில் சாப்பிட்டார். இருட்டுமுன் முடக்கில் விளக்கு மறைந்தது.

அடுத்த நாள் எங்கள் லயத்தில் சேவல் கூவவில்லை. கண்ணைத் திறந்தபோது அடுப்பு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது. ரொட்டியைத் துணியில் சுற்றி என் தலைமாட்டில் வைத்திருந்தாள். படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அம்மாயி வாசற்படியில் இறங்கினாள். ஹக்கலைப் பக்கம் இன்னும் இருட்டாகத்தான் இருந்தது.